சார்ட் செய்த பிறகு யாருடைய மார்க் யாருக்கு?

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்தில் 2019 முதல் பைத்தான் இருக்கிறது. புத்தகத்தின் ஒன்பதாவது பாடம் லிஸ்ட் பற்றியது. எங்க கெங்கவல்லி மாதிரி ஊர்ல தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் பலருக்கு, ஒரு தரவுத் தொகுப்பை மாற்றுவது எப்படின்னு பைத்தானில் முதலில் சொல்லித் தருவது இந்தப் பாடம்தான். அதனால இதைக் கொஞ்சம் கறாராகவே பார்க்கலாம்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். அப்பெண்ட் ஒரே ஒரு உறுப்பைக் கடைசியில் சேர்க்கும். எக்ஸ்டெண்ட் பல உறுப்புகளைச் சேர்க்கும். இன்சர்ட் நடுவில் நுழைத்தால் அடுத்தவை ஒரு இடம் தள்ளிப்போகும். இதெல்லாம் தெளிவாகவே இருக்கு.

என் குறை சார்ட் பற்றியது. அது மூலப் பட்டியலையே மாற்றிவிடும் என்பது அங்கே ஒரு சின்னக் குறிப்பாகத்தான் வருது. எனக்கு அதுதான் பாடத்தின் மையம்.

ஏன்னு பாருங்க. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி மூன்று பேரின் மார்க்: 62, 91, 45. அதிக மார்க் எதுன்னு பார்க்க சார்ட் போடறோம். 45, 62, 91 ஆயிடும். 91தான் அதிகம், சரி. ஆனா முதல் மாணவரின் மார்க் இப்போ 45! பிழைச்செய்தி எதுவும் வராது. பழைய வரிசையும் கிடையாது. அதே சார்ட்டின் விடையை ஒரு மாறியில் போட்டு வைத்தால், அதில் இருப்பது 'நன்', அதாவது ஒன்றுமில்லை. சார்ட்டட் என்ற தனிச் சார்போ மூலத்தைத் தொடாமல் புதுப் பட்டியல் தரும்.

இதுக்குத் தமிழே கை கொடுக்கும். சார்ட் என்பது 'வரிசைப்படுத்து' என்ற ஏவல். சார்ட்டட் என்பது 'வரிசைப்படுத்திய பட்டியல்'. முன்னது வேலையைச் செய்யச் சொல்வது, பின்னது கைக்கு வரும் பொருள். வகுப்பில் இப்படி ஒரு தடவை சொன்னா போதும், மறக்காது.

குழப்பம் பைத்தானுக்கு மட்டும் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் சார்ட் மூலத்தையும் மாற்றும், அதே பட்டியலைத் திருப்பியும் தரும். பார்க்கிறவருக்குப் புதுசு மாதிரியே தெரியும். 1995-ல் வந்த அந்த மொழியில், மூலத்தைத் தொடாத டூசார்ட்டட் 2023 பதிப்பில்தான் தரநிலைக்குள் வந்தது.

செயற்கூறுகளின் அட்டவணையில் இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும்: மூலம் மாறுமா? என்ன திரும்பி வரும்? அப்பெண்ட்: மாறும், எதுவும் வராது. பாப்: மாறும், எடுத்த உறுப்பு வரும். சார்ட்டட்: மாறாது, புதுப் பட்டியல் வரும். பொதுத்தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளையும் இந்த இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யட்டும். நாளைக்கு நிஜமான மார்க் பட்டியல் ஒன்று அவர் கைக்கு வரும்.