கைக்குப் பிடித்தது குறிக்குப் பிடிக்குமா?

அமெரிக்காவில் .22 பிஸ்டல் வாங்கப் போகிறவருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: நாலைந்தை எடுத்துப் பிடித்துப் பாருங்கள், கைக்குச் சுகமாக இருப்பதை வாங்குங்கள். காகிதக் குறி சுடவும், பருவம் வந்தால் காட்டில் முயலோ அணிலோ அடிக்கவும் ஒரே பிஸ்டல் போதும் என்று நினைப்பவருக்கு இந்த யோசனை பாதி வழிதான் துணைக்கு வரும்.

அந்தப் பாதி உண்மையானது. .22 தோட்டாவின் ஈயக் குண்டு பெரும்பாலும் 2.6 கிராம்தான், உதைப்பு மிகக் குறைவு. ஆகவே உள்ளங்கையில் பிடி எப்படி அமர்கிறது, விரல் விசையை நெருடலின்றி எட்டுகிறதா என்பவை முன்னுக்கு வந்துவிடுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்தால் முன்குறி பின்குறியின் பள்ளத்தில் தானாகவே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டியதுதான். ருகர் நிறுவனம் 1949இல் 37.50 டாலருக்குக் கொண்டுவந்த முதல் பிஸ்டலின் பிடி, ஜெர்மானிய லூகர் பிஸ்டலைப் போல நன்றாகச் சாய்ந்திருக்கும். 1911 மாதிரி கோல்ட் பிஸ்டலில் பழகிய கைக்கு அது குழல்முனையை மேலே தூக்கிக் காட்டும். அப்படிப் பழகியவர்களை நினைத்துத்தான் பின்னாளில் 22/45 என்ற வகையை அதே நிறுவனம் இறக்கியது.

யோசனை சறுக்குவது எடையில். 22/45 வகையின் 'லைட்' மாதிரி சுமார் 700 கிராம். அதே குடும்பத்தில் தடித்த குழலும் எஃகு உடலும் கொண்ட மாதிரி 1 கிலோவைத் தாண்டும். கடையில் இரண்டையும் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் லேசானதுதான் ஜெயிக்கும். சுடுதளத்தில் கையை நீட்டி நின்றால் கதை வேறு. லேசானதன் முன்குறி நிலைகொள்ளாமல் அலையும். விசையை இழுக்கத் தேவைப்படும் பலம் பிஸ்டலின் எடையைவிட அதிகமாக இருந்தால், விரல் அழுத்தமே குழலை ஒரு பக்கம் தள்ளிவிடும். சர்வதேசப் போட்டி விதி 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு 1,400 கிராம் வரை இடம் தருகிறது. போட்டியாளர்களும் கனமான பிஸ்டலுக்கு முகம் சுளிப்பதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்ற விரைவுச் சுடுதலில் பயன்படுவதும் இந்த .22 ரகம்தான். அதன் மரப்பிடி, சுடுபவரின் கைக்கென்றே செதுக்கிய கையுறை போல இறுகப் பொருந்தும். இடுப்புறையில் செருகிக்கொண்டு காட்டில் நடக்க அது ஆகாது.

காட்டுக்குத் தேவை வேறு சுகம். நாள் முழுக்கச் சுமந்து அலைந்தாலும் சுடுவது ஒன்றிரண்டு முறைதான். ஆகவே லேசான, மெலிந்த பிஸ்டலைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் 25 மீட்டர் துல்லியச் சுடுதல் காகிதத்தின் 10 புள்ளி வட்டம் 50 மில்லிமீட்டர். அணிலின் தலை அதைவிடச் சிறியது. (நம்மூர் வரி அணிலை எண்ண வேண்டாம், இது அதைப்போலப் பல மடங்கு பெரிய சாம்பல் அணில். அப்படியும் தலை சிறியதுதான்.) காகிதத்தில் தவறினால் ஒரு புள்ளி போகும், காட்டில் தவறினால் காயம்பட்ட பிராணி புதருக்குள் போகும். அந்த வட்டத்துக்குள் ஐந்து குண்டையும் தொடர்ந்து போட முடியாதவர் இன்னும் நெருங்கிச் சுடட்டும், இல்லையேல் ரைஃபிளை எடுக்கட்டும். மரக்கிளையை நோக்கி மேலே சுட்டு, குறி தவறிய குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகக்கூடும் என்பது தனிக் கவலை.

இன்னொரு சுகத்தைக் கடையில் யாரும் சோதிப்பதில்லை: துடைப்பது. மெழுகு பூசிய ஈயக் குண்டு கொண்ட மலிவுத் தோட்டாக்கள் பிஸ்டலின் உள்ளே கரியை அப்பிவிடும். ருகரின் பழைய மார்க் 2, மார்க் 3 மாதிரிகளைப் பிரிப்பது ஒருவழியாக முடிந்துவிடும். திரும்பப் பூட்டுவதில்தான் வம்பு. சுத்தியலோடு தொங்கும் சிறு கம்பி, பிடியின் பின்புறச் சட்டத்தில் உள்ள குழியில் போய் உட்கார வேண்டும். பிஸ்டலைச் சாய்த்துச் சாய்த்து அதை விழச் செய்ய வேண்டும். விழாவிட்டால் எல்லாம் பூட்டிய பிறகு போல்ட் பின்னுக்கு வராது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மார்க் 3இல் மேகசினைச் செருகி எடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. இதற்குப் பயந்தே துடைக்காமல் விடுபவர்கள் உண்டு. 2016இல் வந்த மார்க் 4 பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் கீல் போலத் திறந்துகொள்ளும். பிடியின் வடிவத்தைவிட இந்த மாற்றமே பெரிய வசதி என்பேன். ஆனால் மறு ஆண்டே, பாதுகாப்புப் பூட்டுக் கோளாறுக்காக அந்த மாதிரியை நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

விசையையும் கடையில் முழுதாக அறிய முடியாது. இந்தத் தோட்டாவில் தீப்பொறி மருந்து விளிம்பில் இருப்பதால், வெறும் அறையில் விசையை இழுத்தால் சில மாதிரிகளில் ஊசி அறையின் ஓரத்திலேயே போய் மோதும். பல கடைக்காரர்கள் அதை அனுமதிப்பதில்லை. வாடகைக்குப் பிஸ்டல் தரும் சுடுதளத்தில் 50 தோட்டாப் பெட்டி ஒன்றைத் தீர்த்து, கடைசிப் பத்துக் குண்டுகள் எங்கே விழுந்தன என்று பார்ப்பது மேல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கனமானதையே வாங்கலாம். காட்டுக்குப் போகும் சில நாட்கள் இடுப்பு கொஞ்சம் வலிக்கும், சுடுதளத்துக்குப் போகும் மற்ற நாட்களில் குறி நிற்கும்.