சிறைக்கு யார் எழுதுகிறோம், யாருக்கு?

சிறைக்குப் போகும் கடிதத்தை முதலில் வாசிப்பவர் கைதி அல்ல, சிறை அதிகாரி. மதுரை புது ஜெயில் ரோட்டிலும் இதுதான் நடைமுறை. ஆக, சிறைக் கடிதம் என்பது அதிகாரத்தின் கண்முன்னே எழுதப்படும் பிரதி. எழுதுகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இது தெரியும். எழுதாமல் விட்டதையும் சேர்த்து வாசிக்க இருவருமே பழகிக்கொள்கிறார்கள்.

நாம் கொண்டாடும் சிறைக் கடிதங்கள் யாருடையவை? முசோலினியின் சிறையிலிருந்து கிராம்சி எழுதியவை. 1991இல் 19 வயதில் கைதாகி, 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்த பேரறிவாளனின் 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்'. இவை முக்கியமானவை என்பதில் சந்தேகமில்லை.

சரி, செயின் அறுத்தவனுக்கு, கஞ்சா கேஸில் உள்ளே கிடப்பவளுக்கு யாரு எழுதுறா? 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். படிப்பையும் அந்தஸ்தையும் பார்த்து 'ஏ' வகுப்பு தரும் தமிழ்நாட்டுச் சிறை விதியை நாம் கண்டிக்கிறோம். 'அரசியல் கைதி' என்ற அடையாளம் பார்த்துத் தபால்தலை ஒட்டும் நம் தோழமை செய்வதும் அதே வகுப்புப் பிரிப்புதானே?

அப்படியே எழுதினாலும், "என்ன கேஸ்? திருந்திட்டியா?" என்று கேட்டால் நாமும் விசாரணை அதிகாரிகளாகிவிடுகிறோம். கருணையும் ஒரு கண்காணிப்புதான். வைகையில் தண்ணி வந்துச்சு, சித்திரைத் திருவிழாவில் கூட்டம் தாங்கலை என்று எழுதலாம். பதில் வந்தால் மறுபடியும் எழுத வேண்டும். நாலு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் ஆரம்பிக்காமலே இருக்கலாம். உள்ளே இருப்பவர் தபாலுக்காகக் காத்திருப்பார்.