மந்திக்கு ஏது கைம்மை?

விலங்குகளைச் சான்று காட்டி மனிதருக்கு அறம் புகட்டும் வழக்கம் தமிழிலக்கியத்திற் பழமையானது. மானத்தைக் கூற வந்த வள்ளுவர் கவரிமாவை அழைத்தார். பிரிவுத் துயரைக் கூற வந்த புலவர் அன்றிலை அழைத்தனர். இதிற் குற்றமில்லை. ஆனால், புலவன் உவமையாகச் சொன்ன ஒன்றைப் பின்வந்தோர் இயற்கையின் சட்டமாக்கி, அச்சட்டத்தைச் சமூகத்தின் ஒரு பகுதியாரின் தலையில் மட்டும் சுமத்தும்போது, இலக்கியம் கற்பிப்போர் வாளாவிருத்தல் தகாது.

குறுந்தொகையின் 69ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவர் கடுந்தோட் கரவீரனார். ஆண்குரங்கு இறந்துபடுகிறது. கைம்மையோடு வாழ ஒருப்படாத மந்தி, இன்னும் மரமேறப் பழகாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, உயர்ந்த மலையிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அத்தகைய மலைநாட்டை உடையவனே, நள்ளிரவில் வாராதே, வந்தால் நாங்கள் வருந்துவோம் என்கிறாள் தோழி.

'விலங்கினத்துக்கே இத்துணைக் கற்பு உண்டெனின் தமிழ்ப் பெண்ணுக்கு எத்துணை வேண்டும்!' என்று இப்பாட்டை முடித்துவைப்பது மேடைகளிலும் வகுப்பறைகளிலும் வழக்கமாகிவிட்டது. நாமும் கண்டியில் எமது வகுப்பொன்றில் ஒருநாள் அவ்வாறே முடித்தோம். ஹந்தானை மலைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "சேர், அப்பா செத்தப்புறம் அம்மா எங்கள அம்மாயிக்கிட்ட விட்டுட்டு குவைத்துக்கு வேலைக்குப் போனாங்க. அவங்க சாகல்ல. அப்போ அவங்க அந்தக் குரங்க விடக் கொறஞ்சவங்களா?"

வகுப்பு அமைதியாயிற்று. அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

முதலிற் பாட்டையே பார்ப்போம். அங்கே கற்பு என்ற சொல்லே இல்லை. பேசுபவள் தோழி, கேட்பவன் இரவில் மலைவழியே களவொழுக்கத்துக்கு வரும் தலைவன். உனக்குத் தீங்கு நேர்ந்தால் இவள் வாழமாட்டாள் என்பதே அவள் உணர்த்தும் செய்தி. அறிவுரை ஒன்று உண்டெனின் அது ஆணுக்கு உரியது. அவனை நோக்கிச் சொன்ன எச்சரிக்கையைப் பெண்களுக்குரிய கட்டளையாகத் திருப்பியவர்கள் நாமே.

இனி மந்தியைப் பார்ப்போம். தலதா மாளிகைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உடவத்தகெலே வனத்திற்குச் சென்றவர், சிங்களத்தில் ரிலவா எனப்படும் குரங்கின் கூட்டங்களைக் கண்டிருப்பர். இவ்வினத்தை வொல்ஃப்காங் டிட்டஸ் என்னும் ஆய்வாளர் 1968 முதல் பொலன்னறுவையிற் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இக்குரங்குகளிடையே கணவன் மனைவி என்ற பிணைப்பு இல்லை. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்குகின்றன. ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் நாடிப் போகின்றன. ஓர் ஆண் இறந்தால் எந்தப் பெண்ணும் விதவையாவதில்லை. நீண்ட வாலுடைய சாம்பல் மந்தியினத்தின் கதையும் இதுவே. 1962இல் தார்வார்க் காட்டில் சுகியாமா என்னும் ஜப்பானியர் கண்டது இன்னும் கொடிது: புதிதாகக் கூட்டத்தைக் கைப்பற்றிய ஆண் பழைய குட்டிகளைக் கொன்றது, தாய்கள் பின்னர் அதனோடே கூடின.

அவ்வாறாயின் புலவர் பொய் சொன்னாரா? இல்லை. குட்டியைச் சுற்றத்திடம் சேர்ப்பதாக அவர் கூறுவது கூர்ந்த நோக்கு. சாம்பல் மந்திகளில் ஒரு தாயின் குட்டியை மற்றப் பெண்கள் வாங்கி ஏந்துவது இன்றும் காணக்கூடிய காட்சி. இறந்த குட்டியை நாட்கணக்கிற் சுமந்து திரியும் தாய்க்குரங்கும் உண்டு. பாசமும் இழப்பும் விலங்குக்கு உள்ளவையே. கைம்மை மட்டும் மனிதர் ஆக்கியது.

அந்தக் கைம்மை எத்தகையது என்பதைப் புறநானூறு கூறுகிறது. பூதப்பாண்டியன் இறந்தபோது தீப்பாயத் துணிந்த அவன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுத்த சான்றோரிடம் கைம்பெண் உண்ணும் உணவையும் கிடக்கும் கிடையையும் எடுத்துரைக்கிறாள்: நெய் தீண்டாத சோறு, எள் துவையல், வேளைக்கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. வாழ்வை இவ்வாறு ஆக்கி வைத்த சமூகத்திலேதான் சாவு எளிதாகத் தோன்றும். கரவீரனாரின் மந்தி குதித்தது குறிஞ்சி மலையிலிருந்து. அஞ்சி ஓடியதோ மனிதர் வகுத்த விதவைக் கோலத்திலிருந்து.

இன்னொன்றும் கருதத்தக்கது. பாலைபாடிய பெருங்கடுங்கோ கலித்தொகையில் வேறு விலங்குகளைக் காட்டுகிறார். அங்கே ஆண்யானை பிடிக்கு ஊட்டிய பின்னரே தான் நீர் உண்கிறது. ஆண்புறா சிறகால் பேடைக்கு விசிறுகிறது. கலைமான் தன் நிழலையே பிணைக்குத் தருகிறது. இவற்றைக் காட்டி, 'ஆண்களே, நீவிர் இவ்வாறு ஒழுகுக' என்று மேடையிற் கூறியவரை நாம் கேட்டதில்லை. விலங்கின் அறத்திலும் நாம் தெரிந்தெடுப்பது எமக்கு வசதியானதையே.

இக்குற்றம் பழமைவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கிய 'தகுதியுடையது பிழைக்கும்' என்னும் தொடரை முதலாளிகள் ஏந்தினர். அதற்கு மறுப்பாக 1902இல் குரோபொட்கின் எழுதிய 'பரஸ்பர உதவி' நூலை முற்போக்காளர் ஏந்தினோம். அந்நூல் விலங்குகளின் கூட்டுறவைக் கண்டறிந்து கூறிய அரிய நூலே. எனினும் இயற்கையே எமக்கு வழிகாட்டி என்றால் பொலன்னறுவைக் குரங்கு எதைக் கற்பிக்கும்? அங்கே தாயின் தரம் மகளுக்குப் பிறப்புரிமையாக வருகிறது. தாழ்ந்த தரத்துக் குட்டி உணவிலிருந்து விரட்டப்பட்டு மெலிகிறது. பரம்பரைச் சலுகைக்கு இதைவிடச் சிறந்த வக்கீல் கிடைப்பாரா? சமத்துவத்தைக் காட்டிலிருந்து இரவல் வாங்க இயலாது. அது மனிதர் சிந்தித்து, போராடி ஆக்கும் அறம்.

கொடுமைக்கும் இதே நியாயம் பொருந்தும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, 'மிருகத்தனம்' என்று எல்லோரும் வைதோம். எந்த மிருகம் அயலவனின் சமயத்தை விசாரித்துக் கடைக்குத் தீ வைத்தது? தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியதும் காட்டின் சட்டமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம். அதை எழுதியவை மனிதக் கைகளே. மிருகத்தின் மீது பழியைப் போடும்போது குற்றவாளி தப்பிவிடுகிறான்.

எனவே அம்மாணவிக்கு நாம் கூறும் விடை இது. உன் தாய் அந்த மந்தியினும் குறைந்தவரல்லர். பாட்டிலுள்ள மந்தி செய்ததில் உண்மையானது குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்தது. அதை அவரும் செய்தார். மந்தியின் மேல் ஏற்றப்பட்ட மனிதப் பொய் மலையிலிருந்து குதித்தது. அதை அவர் மறுத்தார். தன் பிள்ளைகளின் சோற்றுக்காகக் கடல் கடந்து அந்நியர் வீட்டில் உழைக்க அவரைத் தள்ளிய வறுமையும் இயற்கையின் விதியன்று. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றலாம்.

குறுந்தொகையை இனியும் கற்பிப்போம். அடுத்த முறை அப்பாட்டை முடிக்கும்போது அறிவுரை கூறமாட்டோம். அம்மாணவியின் கேள்வியை வகுப்பின் முன் வைப்போம்.