சட்டகத்துள் நிற்கும் வாதம்: வெஸ்ட்மின்ஸ்டர் அச்சோவியமும் தமிழகத் திருச்சபை ஒன்றிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஜான் ரோஜர்ஸ் ஹெர்பர்ட் 1840களில் தீட்டிய ஓவியம் ஒன்று, 1644ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் அவையைக் காட்டுகிறது. சாமுவேல் பெல்லின் அதனைச் செதுக்கி அச்சாக்கினார். ஒரு நீண்ட வாதத்தை அந்த அச்சோவியம் தனிமனித வீரமாகச் சுருக்குகிறது என்பதையும், அதே வாதம் தமிழகத்தில் வேறு முறையில் தீர்வு கண்டது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அச்சோவியம், சபையாட்சி, மூப்பராட்சி, பேராயராட்சி, தரங்கம்பாடி.

படமும் பதிவும்

படத்தில் பிலிப் நை என்னும் போதகர் எழுந்து நின்று பேசுகிறார். சுயாதீனர் மனச்சான்று உரிமையை நிலைநாட்டுவதாக ஓவியத்தின் தலைப்பு அமைந்துள்ளது. ஆனால் அவையில் நிகழ்ந்த வாதத்தின் மையம் திருச்சபையை ஆள்பவர் யார் என்பதேயாகும். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளலாம் என்றனர் சுயாதீனர். சபைகளுக்கு மேலாக மூப்பர் மன்றங்கள் வேண்டும் என்றனர் பெரும்பான்மையினரான பிரஸ்பிட்டேரியர். நை உள்ளிட்ட ஐவர் 1644இல் வெளியிட்ட விண்ணப்பநூல் தம்மைப் போன்றோர்க்கே இடம் கேட்டது. எல்லாச் சமயத்தார்க்கும் உரிமை கேட்கவில்லை. அதே ஆண்டில் ரோஜர் வில்லியம்ஸ் அவர்களையும் வினாக்களால் எதிர்கொண்டார். ஆதலின் தலைப்பு, நிகழ்ந்ததைவிடப் பெரியதொன்றைச் சொல்கிறது.

1643இல் கூடிய அந்த அவை 1649க்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமர்வுகளை நடத்தியது. ஸ்காட்லாந்துப் பிரதிநிதி ராபர்ட் பெய்லியின் கடிதங்கள் சலிப்பும் பிடிவாதமும் நிறைந்த நாள்களைக் காட்டுகின்றன. படமோ ஒரு கணத்தை மட்டும் தெரிந்தெடுக்கிறது.

காலச் சூழல்

படம் 1644ஐப் பேசினும் அதன் உணர்வு 1840களுக்கு உரியது. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டது. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையைச் சாராதோர் ஆலய வரிக்கு எதிராகப் போராடி வந்தனர். அவர்களுக்கு ஒரு முன்னோர் தேவைப்பட்டார். படம் அவரை அளித்தது. ஓவியரோ 1840ஐ ஒட்டிக் கத்தோலிக்கராக மாறியவர். எனவே இப்படத்தை ஒரு தரப்பின் பரப்புரை என ஒதுக்கவும் இயலாது. நேரில் கண்ட சான்றெனக் கொள்ளவும் இயலாது.

தமிழகத்தில் அவ்வாதம்

இங்கிலாந்தின் இப்பிரிவுகள் அருட்பணி இயக்கங்களின் வழியே தமிழகத்துக்கு வந்தன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்க மரபும், மதுரையில் அமெரிக்க மிஷனின் சபையாட்சி மரபும், சென்னையில் ஸ்காட்லாந்து மூப்பராட்சி மரபும் வேரூன்றின. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1854 முதல் ராக்லண்ட் முதலிய ஆங்கிலிக்க ஊழியர் திருநெல்வேலியின் வடபகுதியில் பணியாற்றினர். அங்கிருந்து மதுரைக்குக் குடிபெயர்ந்த ஒரு புராட்டஸ்தாந்துக் குடும்பத்துக்கு வேதநூல் மாறவில்லை. சபையை ஆளும் முறையே மாறியது.

1908இல் சபையாட்சியினரும் மூப்பராட்சியினரும் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையாக இணைந்தனர். படத்தில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இரு தரப்பின் வழித்தோன்றல்கள் இங்கு ஒரே அமைப்பினர் ஆயினர். 1919 மே மாதத்தில் வே. ச. அசரியா, வே. சந்தியாகு ஆகியோர் தலைமையில் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சபையார் அனைவர்க்கும் உரிய பங்கு, மூப்பர் மன்றத்தின் பங்கு, பேராயரின் பங்கு ஆகிய மூன்றும் காக்கப்பட வேண்டும் என்பது அவ்வறிக்கையின் நிலைப்பாடு. ஒன்றை வென்று மற்றொன்று நிலைப்பதை அது நாடவில்லை. 28 ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1947 செப்டம்பர் 27அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது.

மதிப்பீடு

நின்று பேசும் ஒருவரை நடுவில் வைக்கும் படக்கட்டமைப்பு ஓவியத்தோடு முடிவதில்லை. தமிழகத் திருச்சபை வரலாறுகள் பலவும் அருட்பணியாளர் வாழ்க்கை வரலாறுகளாகவே அமைவதற்கும் இக்கட்டமைப்பே அடிப்படையாகிறது. அவ்வாறு எழுதும்போது 1908, 1919, 1947 ஆகிய ஆண்டுகளின் சாதனை பின்னொதுங்குகிறது. அங்கு நிகழ்ந்தது விட்டுக்கொடுத்தல். அதற்கு நாடகத்தன்மை குறைவு.

எனினும் தரங்கம்பாடிக் கூட்டத்தையும் மிகைப்படுத்தலாகாது. வெஸ்ட்மின்ஸ்டர் படத்தில் சபையாரின் உரிமை பேசப்படுகிறது, சபையார் இல்லை. தரங்கம்பாடியிலும் கூடியவர்கள் போதகர்களே. பெண்களும் சிற்றூர்ச் சபை உறுப்பினரும் அந்த அறிக்கையைப் பற்றி என்ன கருதினர் என்பது ஆராயத்தக்கது.

முடிவுரை

வரலாற்று அச்சோவியத்தைச் சான்றாகக் கொள்வோர் அது காட்டும் ஆண்டையும் அது வரையப்பட்ட ஆண்டையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். சட்டகத்துக்கு வெளியே நின்றோரைத் தேட, ஆய்வாளர் செல்ல வேண்டிய இடம் சபைக் கூட்டக் குறிப்பேடுகளே ஆகும்.