நடுவில் விடப்பட்ட வெற்றிடம்

பகை மூண்ட இரு சமுதாயங்களிடையே ஒப்புரவை உண்டாக்கக் கல்வி எவ்வளவு துணைபுரியும் என்னும் வினா பழமையானது. அதற்குப் பாடநூல் வழியே விடை தேட முனைந்தோருள் இஸ்ரேலிய உளவியலறிஞர் டான் பார்-ஓனும், பெத்லகேம் பல்கலைக்கழகக் கல்வியியல் பேராசிரியர் சாமி அத்வானும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் 1998இல் அமைதி ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். பெத்லகேமை அடுத்த பெய்த் ஜாலாவிலுள்ள தலீத்தாகூமி என்னும் லுத்தரன் பள்ளி வளாகம் அதற்கு இடமளித்தது. இரு தரப்பினரும் வந்து சேரக்கூடிய இடங்கள் அங்கு மிகச் சிலவே.

அந்நிறுவனம் எபிரெயத்திலும் அரபியிலும் வெளியிட்ட வரலாற்று நூலின் அமைப்பே அதன் கருத்தைப் புலப்படுத்துகிறது. பக்கம் மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒருபுறம் இஸ்ரேலியரின் வரலாற்றுரை. மறுபுறம் பாலஸ்தீனரின் வரலாற்றுரை. நடுவே மாணவன் எழுதுவதற்கென விடப்பட்ட வெற்று வரிகள். முதலில் எடுத்துக்கொண்டவை 1917ஆம் ஆண்டின் பால்ஃபர் அறிக்கை, 1948ஆம் ஆண்டுப் போர், 1987இல் தொடங்கிய இன்திஃபாதா எழுச்சி ஆகிய மூன்று. 1948ஐ ஒரு சாரார் விடுதலைப் போர் என்பர். மறு சாரார் நக்பா, அதாவது பேரழிவு என்பர். இரண்டையும் கலந்து பொதுவான ஒரு வரலாறு சமைக்க ஆசிரியர்கள் முனையவில்லை.

இம்மறுப்பை நாம் பாராட்டுகிறோம். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கு நற்செய்திகளையும் ஒன்றாக்கித் தொகுத்ததையும், திருச்சபை முடிவில் நான்கையும் தனித்தனியே வைத்துக்கொண்டதையும் நம் வாசகர் அறிவர். ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுக்கலாகாது. நற்செய்தியாளர் ஒருவரையொருவர் மறுப்பதற்கென எழுதியவர்கள் அல்லர்.

குறைகளையும் கூற வேண்டும். தாளில் இரு உரைகளும் சம அகலம் பெற்றுள்ளன; வாழ்விலோ ஒரு மக்களுக்கு அரசும் படையும் உண்டு, மற்றவர் 1967 முதல் ஆக்கிரமிப்பின் கீழ் வாழ்கின்றனர். நூலாசிரியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். எனினும் அச்சுப் பக்கத்தின் சமநிலை இளம் வாசகனை ஏமாற்றக்கூடும். மேலும், ஒவ்வொரு புறத்திலும் நாட்டினம் என்னும் ஒற்றைக் குரலே ஓங்கி ஒலிக்கிறது. அரபு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய யூதர், இஸ்ரேலின் குடிமக்களாக வாழும் அரபியர், பெய்த் ஜாலாவின் கிறிஸ்தவர்கள் ஆகியோர் எந்தப் புறத்தில் தம்மை முழுமையாகக் காண்பர்?

இவற்றினும் முதன்மையான குறை வேறொன்று. இந்நூலை மாணவர் ஒன்றாக அமர்ந்து கற்கவில்லை. இஸ்ரேலியச் சிறுவன் தன் பள்ளியிலும், பாலஸ்தீனச் சிறுமி தன் பள்ளியிலும் தனித்தனியே படித்தனர். எதிரியின் பரப்புரையை நாங்கள் ஏன் படிக்க வேண்டும் என்று மாணவர் சிலர் சினந்தனர். அதற்கு மறுமொழி கூற மறுதரப்பினர் எவரும் அவ்வகுப்பில் இல்லை. நடுவிலுள்ள வரிகளை அவரவர் தனிமையில் நிரப்ப வேண்டியதாயிற்று. உண்மையில் சேர்ந்து கற்றவர்கள் ஆசிரியர்களே. 2000இல் மூண்ட இரண்டாம் இன்திஃபாதாவின் நாட்களில், சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்து, தாம் எழுதியதை மறுதரப்பினர் முன் படித்து, அவர்கள் நெஞ்சைச் சுடும் சொற்களை மாற்றி எழுதியவர்கள் அவர்கள். நாசிக் குற்றவாளிகளின் மக்களையும், அவர்களுக்குத் தப்பிப் பிழைத்தோரின் மக்களையும் நேருக்கு நேர் அமர்த்திப் பேசவைத்த அனுபவம் பார்-ஓனுக்கு முன்பே உண்டு. அங்கே போர் முடிந்து ஒரு தலைமுறை கடந்திருந்தது. இங்கே போர் முடியவேயில்லை. அவர் கண்ட முறையின் உயிர் நேருக்கு நேர் அமர்வதில் இருந்தது. அது ஆசிரியர் அமர்வில் காணப்பட்டது. நூலாக வகுப்பறைக்குச் சென்றபோது பெரும்பாலும் பின்தங்கிவிட்டது. பார்-ஓன் 2008இல் மறைந்தார். 2012இல் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்து உலகெங்கும் புகழ் பெற்றதும் இக்குறையை நீக்கவில்லை.

எனினும் அதிகாரத்திலிருந்தோர் நூலுக்கு அஞ்சினர். 2010இல், காசா எல்லைக்கு அருகே ஸ்தெரோத் வட்டாரப் பள்ளியொன்றில் இதைப் பயன்படுத்தலாகாதென இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் தடுத்தது. பாலஸ்தீனக் கல்வி அமைச்சகமும் இதைத் தன் பாடநூலாக ஏற்கவில்லை. அதே வட்டாரம் 2023 அக்டோபர் 7இல் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதைத் தொடர்ந்த போரில் காசாவின் பள்ளிக் கட்டடங்களுள் பெரும்பாலானவை சேதமுற்றன. அவ்வாண்டைப் பற்றிய இரு வரலாற்றுரைகளும் ஒருநாள் எழுதப்படும். அவற்றை ஒரே மேசையில் ஒருவர்க்கொருவர் படித்துக்காட்ட எந்த ஆசிரியர்கள் கூடுவர், எவ்விடத்தில் கூடுவர் என்பதே இப்பொழுது எழும் வினா.