கரையேறும் கடல்: சித்திரக்கதையில் கடற்பயங்கரம்

தமிழில் சித்திரக்கதை படித்து வளர்ந்தவர்களுக்குக் கடல் புதிதல்ல. முகமூடி வேதாளரின் வம்சமே 1536இல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்துதான் தொடங்குகிறது. கரையொதுங்கிய மகன், தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது செய்த சத்தியம் அது. கேப்டன் பிரின்ஸும் கப்பலோடு திரிபவர்தான். ஆனால் இக்கதைகளில் கடல் வீரனின் களம் மட்டுமே. கடலையே பயங்கரமாக வரைந்த மரபுகள் வேறு. இரும்புக்கை மாயாவியைத் தந்த பிரித்தானிய வார இதழ் மரபு, 1976இல் 'அக்‌ஷன்' இதழில் 'ஹூக் ஜோ' என்ற சுறாவை நாயகனாக்கியது. வன்முறை மிகுந்ததென எழுந்த கண்டனத்தால் அவ்வாண்டே அந்த இதழ் இடைநிறுத்தப்பட்டது. ஜப்பானின் ஜுன்ஜி இட்டோ 'கியோ'வில் அழுகிநாறும் மீன்களை இயந்திரக் கால்களோடு ஊருக்குள் நடக்கவிட்டார்.

கொழும்பிலிருந்து தமிழில் ஒரு கடற்பயங்கரக் கதை வருமானால், அது சுறாவின் வழியை விட்டு இட்டோவின் வழிக்கு அருகில் நிற்கவேண்டும் என்பேன். இந்தக் கரைகளின் பழங்கதைகளில் பயங்கரம் நடுக்கடலில் இல்லை. கடல் ஊருக்குள் வருவதில் இருக்கிறது. மணிமேகலையில் சோழன் மகனைத் தேடும் துயரில் இந்திரவிழாவை மறக்க, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. மகாவம்சத்தில் களனிதிஸ்ஸன் குற்றமற்ற துறவியொருவரைக் கொன்று கடலில் எறிய, கடல் பொங்குகிறது. மகளைப் படகிலேற்றி அலைக்குக் கொடுத்த பிறகே அடங்குகிறது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தின் தோற்றக் கதையும் இதே அச்சத்திலிருந்து பிறந்ததுதான்: ஒல்லாந்தர் துரத்திய குருவானவர், கரையை அரித்த கடலின் முன் சிலுவையை நட்டு மன்றாட, நீர் பின்வாங்கியதாம். மூன்று கதைகள், ஒரே பயம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இதைச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. கடல் பொங்கியது தண்டனை என்றால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்ன குற்றம் செய்தாள்? அந்தப் பழியைச் சுமத்தும் கதை எவ்வளவு அழகாக வரையப்பட்டாலும் எனக்கு வேண்டாம். ஆனால் பழங்கதைகளே பழியை அங்கே வைக்கவில்லை. தவறியவர்கள் அரசர்கள், மூழ்கியதோ குடிகளின் ஊர், அலைக்குப் போனதோ மகள். அந்த அநியாயமே கதையின் உயிர். நடந்ததை ஆவணமாக வரைந்தால் போதாதா என்றும் கேட்கலாம். பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சி பொலொக்கும் ஆங்கிலத்தில் ஆக்கிய 'வன்னி' (2019) ஆழிப்பேரலையையும் போரையும் அப்படித்தான் வரைந்தது. அது இன்றியமையாத வேலை. ஆயினும் அலை வற்றிய பிறகும் கடலுக்கு முதுகுகாட்டி உட்காரமுடியாத மனத்தைப் பயங்கரக் கதை வேறு வகையில் தொடும்.

ஆகவே என் அளவுகோல் பூதத்தின் பல்லில் இல்லை. வெள்ளவத்தையில் வீடுகளுக்கும் கடலுக்கும் இடையே ஒரு வீதி, புகையிரதப் பாதை, கொஞ்சம் கருங்கல். அந்தக் குறுகிய இடைவெளியை ஓவியர் பக்கத்துக்குப் பக்கம் எப்படிச் சுருக்குகிறார் என்று பார்ப்பேன். யார் செய்ததற்கு யார் மூழ்குகிறார்கள் என்பதைக் கதை மறைக்கிறதா என்று பார்ப்பேன். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது பிளாஸ்டிக் குருணையும் செத்த ஆமைகளும் கரையேறின, தொழிலிழந்தவர்கள் மீனவர்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. களனிதிஸ்ஸனின் கதையை இன்று வரையப்போகிறவருக்குத் தேவையான எல்லாம் இதில் இருக்கிறது.