விலைப்பட்டியலும் விருப்பமும்

கேத்தி ஆக்கரின் ‘நோயின் கொடை’ கட்டுரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பிற்பகுதியைப் பற்றியே எழுதுகிறார்கள். மாற்று மருத்துவர்கள், முற்பிறவி நினைவுகள், நோய்க்கு அர்த்தம் தேடும் அலைச்சல் என்று வாதாட அங்கே நிறைய இருக்கிறது. முற்பகுதியில் ஒரு விலைப்பட்டியல் வருகிறது. அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆக்கர் அமெரிக்க நாவலாசிரியர். 1996 ஏப்ரலில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவர் ஒரு கலைக் கல்லூரியில் வருகைதரு பேராசிரியர். நிரந்தரப் பணி இல்லை, அதனால் மருத்துவக் காப்பீடும் இல்லை. எல்லாமே கைக்காசு. கதிர்வீச்சுக்கு 20,000 டாலர். ஒரு மார்பகத்தை மட்டும் அகற்ற ஏறத்தாழ 4,000. இரண்டையும் அகற்ற 7,000. மார்பக மறுசீரமைப்பு 20,000இல் தொடங்கும். அதில் அவருக்கு ஆர்வமில்லை. கீமோதெரபியும் 20,000இல் தொடங்கும். ஒற்றை மார்பகத்தோடு இருக்க விருப்பமில்லை என்பதையும், 7,000 தன்னால் கட்ட முடிந்த தொகை என்பதையும் அருகருகே சொல்லிவிட்டு அவர் மேலே போகிறார். 1997 நவம்பர் 30 அன்று, மெக்சிகோ எல்லை நகரமான டிஹுவானாவில், ஒரு மாற்று மருத்துவ மையத்தில் இறந்தார்.

விருப்பம் ஒரு வரி, விலை ஒரு வரி. இரண்டில் எது முடிவெடுத்தது? ஆக்கரைக் கொண்டாடுகிறவர்கள் முதல் வரியை எடுத்துக்கொண்டு, தன் உடலைத் தானே எழுதிக்கொண்ட கலகக்காரி என்கிறார்கள். திட்டுகிறவர்களும் அதே வரியைத்தான் எடுக்கிறார்கள்: கீமோவை மறுத்துச் சாமியார்களை நம்பிக் கெட்டாள். இருவருமே அவர் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார் என்று நம்புகிறார்கள். காசு ஒன்றே காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். மருத்துவம் தன்னை வெறும் சதைக்கூறாகக் குறுக்குகிறது என்ற கோபம் அந்தக் கட்டுரை முழுக்க ஓடுகிறது. அது பொய்க் கோபமல்ல. ஆனால் விலைப்பட்டியலுக்குப் பிறகு எழுதப்படும் தத்துவத்தை, விலைப்பட்டியலே இல்லாததுபோல வாசிப்பது மோசமான வாசிப்பு. கட்டவே முடியாத ஒன்றை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் நகைக்கடை வாசலில் நின்று ‘எனக்கு அதெல்லாம் புடிக்காது’ என்று சொல்லும்போது வரும் அதே தொனி.

கட்டுரை 1997 ஜனவரியில் லண்டன் ‘கார்டியன்’ நாளிதழில் வந்தது. அதாவது, 1948 முதல் பொது மருத்துவச் சேவை இயங்கும் நாட்டில். ஆக்கர் எண்பதுகளில் லண்டனில் வாழ்ந்தவர். அந்த நகரத்தின் வாசகர்களுக்கு மார்பகத்தின் விலைப்பட்டியல் வேற்றுக்கிரகச் செய்திபோல இருந்திருக்கும்.

ஆக்கருக்கு முன்பே ஆட்ரி லார்ட் இருக்கிறார். 1978இல் ஒரு மார்பகம் அகற்றப்பட்டு, 1980இல் ‘புற்றுநோய்க் குறிப்பேடுகள்’ நூலை வெளியிட்டார். செயற்கை மார்பகம் அணிய அவர் மறுத்ததையும், மருத்துவர் அலுவலகத்துச் செவிலி அதற்காக அவரைக் கடிந்துகொண்டதையும் நம் மாணவிகள் பலர் படித்திருக்கிறார்கள். மௌனத்தை உடைத்த நூல் என்ற அளவில் அதைப் பாடமாக்கிவிட்டோம். லாபத்தை மையமாகக் கொண்ட பொருளாதாரம் நோய் வராமல் தடுப்பதில் அக்கறை காட்டாது என்று அதே நூலின் கடைசிக் கட்டுரை வாதிடுகிறது. அந்தப் பக்கங்கள் தேர்வுக்கு வருவதில்லை.

ஆன் பாயரின் ‘தி அன்டையிங்’ (2019) இவ்விருவரையும் படித்துவிட்டு எழுதப்பட்ட நூல். பாயர் கவிஞர், கான்சாஸ் நகரத்தில் கல்லூரி ஆசிரியை, தனியாக மகளை வளர்த்தவர். 2014இல், 41 வயதில், மார்பகப் புற்றுநோயின் கொடிய வகை ஒன்று அவரைத் தாக்கியது. இரண்டு மார்பகங்களையும் அகற்றிய அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுப்பு தீர்ந்துவிட்டதால் பத்தாம் நாள் வகுப்புக்குப் போனார். நெஞ்சில் தைத்த வடிகுழாய்ப் பைகளோடு, வால்ட் விட்மனின் ஒரு கவிதையைப் பற்றி மூன்று மணி நேரம் பாடம் எடுத்தார். கையைத் தூக்க முடியாது என்பதால் புத்தகங்களை நண்பர்கள் சுமந்து வந்தார்கள். மாணவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 

இந்தப் பகுதியை வகுப்பில் படித்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “லீவு போட்டிருக்கலாமே மேடம்?” நான் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, “லீவு போட்டா நாள் கணக்கு விழாது. அப்புறம் இ.எஸ்.ஐ. காசு வராது” என்றாள். அவள் அம்மா நூற்பாலையில் வேலை செய்கிறார். ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை என்ற விதி அவள் வீட்டில் காலண்டரைப் பார்த்து நாள்தோறும் பேசப்படும் விஷயம். விட்மனை விட்டுவிட்டு அன்றைக்கு அதைத்தான் பேசினோம்.

அமெரிக்காவில் 65 வயதுக்குட்பட்ட ஒரு பெண்ணுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் வாசல்கள் பெரும்பாலும் மூன்று: தன் வேலை, கணவனின் வேலை, நிரூபிக்கப்பட்ட வறுமை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்கு அரசு வரம்பு விதித்தது. ஆட்களைப் பிடித்துவைக்க முதலாளிகள் சம்பளத்துக்குப் பதிலாகக் காப்பீட்டை நீட்டினார்கள். அன்று போட்ட முடிச்சு இன்றும் அவிழவில்லை. 1993ஆம் ஆண்டின் விடுப்புச் சட்டம் தருவது 12 வாரச் சம்பளமில்லா விடுப்பு. அதுவும் தனியார் துறையென்றால் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் இடத்தில், ஓராண்டு பணி முடித்தவருக்கு. மணவிலக்கு ஆனால் கணவன் வழிக் காப்பீடு போகும். 36 மாதம் தொடர ஒரு சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதுவரை கணவனின் நிறுவனம் கட்டிய பங்கையும் சேர்த்து முழுத் தொகையையும் அவளே கட்ட வேண்டும். அடிக்கிற கணவனை விட்டு ஏன் அவள் போகவில்லை என்று கேட்கும் சமூகம் இந்தக் கட்டணச் சீட்டைப் பார்ப்பதில்லை.

பாயர் இதையெல்லாம் அறிந்தே எழுதுகிறார். புற்றுநோயிலிருந்து மீண்டவளை ‘போராளி’ என்று முதுகில் தட்டுவதையும், ரோஸ் நிற ரிப்பன் வியாபாரத்தையும் அவர் கிழிக்கும் பக்கங்கள் கூர்மையானவை. 2020இல் புலிட்சர் பரிசு கிடைத்தது, தகும். இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. கோபம் உச்சத்துக்கு வரும் இடங்களில் நூல் பண்டைய கிரேக்கத்துக்கும், கோயிலில் படுத்து நோய்தீர்க்கும் கனவு காண்பவர்களிடமும் போய்விடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ரசீது நழுவிப் போகிறது. பட்டியலைப் பட்டியலாகவே வைத்துவிட்டு நகர்ந்த ஆக்கரின் வறட்டுப் பத்தியை நான் அதிகம் நம்புகிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இவர்கள் மூவரும் எழுத்தாளர்கள். நோய்வாய்ப்பட்டபோது நூல் எழுதவும் பதிப்பிக்கவும் வழி இருந்தவர்கள். காப்பீடு பறிபோன பெரும்பாலான பெண்கள் எதையும் எழுதவில்லை. அவர்களின் குரலைத் தேடி நான் போன இடம் இலக்கியமல்ல. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுக்களின் பதிவேடு.

2009 ஜூனில் அப்படியொரு விசாரணை நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் சாட்சி சொன்னார். முந்தைய ஆண்டு அவருக்குப் பரவும் வகை மார்பகப் புற்றுநோய். இரண்டு மார்பகங்களையும் அகற்ற நாள் குறித்தாயிற்று. அறுவைக்குச் சில நாட்களுக்கு முன் காப்பீட்டு நிறுவனம் அவரது கோப்பைத் தோண்டத் தொடங்கியது. அதற்கு முன்பு முகப்பருவுக்காகப் பார்த்த தோல் மருத்துவர் எழுதிவைத்த ஒரு குறிப்பைப் புற்றுநோயின் முன்னிலை என்று தவறாகப் படித்தார்கள். அந்த மருத்துவரே அழைத்துச் சொல்லியும் கேட்கவில்லை. காப்பீடு ரத்தானது. அவர் தன் தொகுதி உறுப்பினரிடம் முறையிட்டு, அது திரும்பக் கிடைப்பதற்குள் கட்டி இரு மடங்குக்கும் மேல் வளர்ந்துவிட்டது.

இந்தச் சாட்சியத்தை நான் ஒரு பிரதியாகத்தான் படித்தேன். அதில் உவமை இல்லை. தேதிகள் இருக்கின்றன, தொலைபேசி அழைப்புகள் இருக்கின்றன, முகப்பரு இருக்கிறது. செவிலியாக இருந்து எத்தனையோ கோப்புகளில் குறிப்பெழுதியிருக்கக்கூடிய பெண், தன் கோப்பில் வேறொருவர் எழுதிய ஒரு சொல்லால் மாட்டிக்கொள்கிறார். மூன்று நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேரின் காப்பீட்டை இப்படி ரத்து செய்து 300 மில்லியன் டாலர் மிச்சம் பிடித்ததாக அந்தக் குழு கண்டறிந்தது. வேண்டுமென்றே செய்த மோசடி தவிர மற்ற காரணங்களுக்காக ரத்து செய்வதை நிறுத்துவீர்களா என்று மூன்று நிறுவனங்களின் தலைமை அதிகாரிகளிடமும் கேட்டார்கள். மூவரும் மாட்டோம் என்றார்கள்.

மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து பேசிய பெண்ணும் ஒருவர் உண்டு. லிண்டா பீனோ என்ற மருத்துவர், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோப்புகளைப் பரிசீலித்தவர். 1987இல் ஒரு மனிதரின் இதய அறுவைக்குப் பணம் தர மறுத்தார், அவர் இறந்துபோனார். 1996இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து அந்த மரணத்துக்குத் தானே காரணம் என்றார். நிறுவனத்துக்கு அரை மில்லியன் டாலர் மிச்சமானது, தனக்குப் பதவியும் உயர்ந்தது, யாரும் தன்னை எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னார். மைக்கேல் மூரின் ‘சிக்கோ’ (2007) படத்தில் அந்தக் காட்சி வருகிறது. படத்தின் பிற பகுதிகளில் மூரின் கேமரா பெண்கள் அழுவதற்காகக் காத்திருக்கிறது, அழுததும் நெருங்குகிறது. பீனோ அழவில்லை. தாளைப் பார்த்துப் படிக்கிறார். படத்திலேயே அதிகம் நடுங்கவைக்கும் இடம் அதுதான்.

சொற்களைப் பார்ப்பது என் தொழில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காப்பீட்டுத் துறையில் வசூலித்த பணத்தில் சிகிச்சைக்குச் செலவாகும் பங்குக்கு ‘மருத்துவ இழப்பு விகிதம்’ என்று பெயர். ஒரு பெண்ணுக்குக் கீமோ கிடைத்தால் அது கணக்கில் ‘இழப்பு’. கிடைக்காவிட்டால் இழப்பு இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விகிதத்துக்கு 80, 85 விழுக்காடு என்று அடிவரம்பு வைத்தது, சொல்லை மாற்றவில்லை. இன்னொரு சொல், ‘முன்பே இருந்த நிலை’. அந்தச் சட்டம் 2014இல் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, தனிநபர் காப்பீட்டுச் சந்தையில் கர்ப்பம் அப்படியொரு நிலை. அதைக் காட்டி விண்ணப்பத்தை மறுக்கலாம். முந்தைய பிரசவத்தில் சிசேரியன் ஆகியிருந்தாலும் சிக்கல். கணவனிடம் அடிவாங்கிய பதிவு இருந்தால் அதையும் அப்படியே கொண்ட மாநிலங்கள் இருந்தன. அதே வயது ஆணைவிடப் பெண்ணிடம் அதிகக் கட்டணம் வாங்குவதும் பல மாநிலங்களில் சட்டப்படி சரி.

நாம் ‘காப்பீடு’ என்கிறோம். காப்பு, ஈடு. காப்பு என்றால் காவல். கையில் அணியும் வளையமும் காப்புதான். நூல் தொடங்கும் முன் பாடுவது காப்புச் செய்யுள். கர்ப்பிணிக்குப் போடுவது வளைகாப்பு. ஈடு என்றால் சமம். ஈடு என்றால் அடமானமும்கூட. இந்தக் கலைச்சொல்லைப் படைத்தவர்கள் ‘காவலுக்கு நிகரான தொகை’ என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. இன்ஷூரன்ஸ் என்ற சொல் ஊருக்குள் வருவதற்கு முன்பே, ஆஸ்பத்திரிச் செலவென்றால் கைக்காப்பு ஈட்டுக்குப் போனது. மாமனாரின் பைபாஸுக்கு மருமகள் கைவளை போகும். மருமகளின் கர்ப்பப்பைக் கட்டிக்கு எது போகும் என்பது அவரவர் வீட்டைக் கேட்டால் தெரியும்.

நம் மாநிலத்தை அமெரிக்காவோடு ஒரே தட்டில் வைப்பது நேர்மையல்ல. இங்கே ஜி.எச். இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அதே மூன்று வாசல்கள் இங்கும் இருக்கின்றன. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. வாசல் அடைபடும், ஆண்டுக்கு 1,20,000ஐத் தாண்டினால் மற்றது. சம்பள உயர்வுக்குப் பயப்படும் தொழிலாளியை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக்கரின் கட்டுரையிலிருந்து சில பக்கங்களை முதுகலை மாணவிகளுக்காகத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். விலைப்பட்டியலை அன்றைய டாலரிலேயே விட்டுவிட்டேன். தகராறு வந்தது ‘வருகைதரு பேராசிரியர்’ என்ற சொல்லில்தான். அகராதிப்படி அது சரி. ஆனால் எங்கள் காதில் அது வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து சொற்பொழிவாற்றிப் போகும் பெரியவரின் பெயர். கல்லூரியில் வகுப்பெடுத்தும் கல்லூரியின் காப்பீட்டுக்குள் வராத பெண்ணுக்கு எங்களிடம் வேறு சொல் இருக்கிறது. எங்கள் துறையிலேயே தொகுப்பூதியத்தில் நால்வர் இருக்கிறார்கள், மூவர் பெண்கள். என் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் மருத்துவக் காப்பீட்டுக்கென்று ஒரு பிடித்தம் வரும். அவர்களுக்கு அந்தப் பிடித்தம் இல்லை. ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று மாற்றி எழுதினேன். மூலத்துக்கு விசுவாசமில்லை என்று மெய்ப்பு பார்த்த தோழி சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறாள். அவளும் கௌரவ விரிவுரையாளர்தான்.